ட்ரையாஜ் என்ற பலகைக்குக் கீழே

அன்பு மகள் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாமா போனில் சொன்னது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன், பதறாமல் உட்கார்ந்து படி.

போன வாரம் அப்பா துணிக்கடை லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்திருக்கிறது, எடுக்கக் குனிந்தவருக்கு விரல் மடங்கவில்லை. கடைக்காரர் தன் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாசலில் ஒரு மேசை, மேலே ட்ரையாஜ் என்று பலகை. நான் அதை டாக்டர் பெயர் என்று நினைத்து, அவர் எப்போது வருவார் என்று நர்ஸைக் கேட்டுவிட்டேன். பாவம், அவள் சிரிக்கவில்லை. அது பிரெஞ்சு வார்த்தைம்மா, தரம் பிரிக்கிறதுன்னு அர்த்தம், இங்கிலீஷ்காரங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டாங்க, யாரை முதல்ல பாக்கணும், யாரு காத்திருக்கலாம்னு பிரிக்கிற இடம் என்றாள். அப்பாவிடம் என்ன செய்கிறது என்று கேட்டாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, தலையே போனாலும் தலைவலி என்பார். லேசா மரத்திருக்கு, அவ்வளவுதான், அந்தப் பொண்ணு மூச்சுக்குத் திணறுது பாருங்க, அதை முதல்ல கவனிங்க என்றார். அவர் மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினாள். பச்சை என்றால் காத்திருக்கலாமாம். நல்ல நிறம்தானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பெஞ்சில் என் தோளில் சாய்ந்தார், தூங்குகிறார் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதை எதிரே இருந்தவர்தான் காட்டினார்.

பக்கவாதமாம், வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நர்ஸ் மேல் புகார் கொடுத்தே தீருவேன் என்று மாமா குதிக்கிறார். அவளோ தினமும் வேலை முடிந்ததும் வந்து கட்டிலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள், புகார் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். மூச்சுத் திணறிய பெண் பிழைத்துக்கொண்டாள், அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. ஆனாலும் மனசு ஆறவில்லை.

நேற்று ஒரே ஒரு சொல் திரும்பியது. தண்ணீருக்கும் சிட்டு, விளக்கை அணைக்கவும் சிட்டு. சிட்டுன்னா என்ன கேக்கறார்மா என்று டாக்டர் கேட்டார். ஒண்ணும் கேக்கலைங்க, எங்க பொண்ணு என்றேன்.

லீவு கேட்கக் கூச்சப்படாதே, கிடைத்ததும் கிளம்பி வா. உனக்கு உடம்புக்கு எது வந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல், லேசா என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா