துக்க நாளில் பார்த்த கல்லூரி

பாகூர்,
6 அக்டோபர் 1989, வெள்ளிக்கிழமை,
காலை 6 மணி 40 நிமிடம்.

1. பொருள்: புதுவைக் கல்லூரியை விட்டுக் கடலூர்க் கல்லூரிக்கு மாறுவதா என்பது குறித்து 1936ஆம் ஆண்டு நாம் இருவரும் எடுத்த முடிவு.

அன்புள்ள நண்பா,

ஒன்று என்று எண்ணிட்டவன் இரண்டையும் எழுதவேண்டும் என்பது என் வழக்கம். இன்று சொல்லவேண்டியது ஒரே பொருள்தான் என்பதால் அந்த வழக்கத்தை ஒருமுறை தளர்த்துகிறேன்.

சற்று முன்பு என் மருமகள் சமையலறையில் புதிய பெருங்காயக் கட்டியை உடைத்தாள். கூடத்தில் அமர்ந்திருந்த எனக்கு உன் சட்டை நினைவுக்கு வந்தது. வில்லியனூர்த் தேரடியில் உன் தந்தையார் வைத்திருந்த மளிகைக் கடையின் பின்கட்டில்தான் உங்கள் வீட்டுத் துணிகளை மடித்து வைப்பார்கள். திங்கட்கிழமை காலையில் நீ வகுப்புக்குள் நுழைந்தால் மூன்று பெஞ்சுகளுக்குப் பெருங்காயம் மணக்கும். நகரத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரஞ்சில் ஏதோ சொல்வார்கள். நீ அவர்களைவிட நல்ல பிரஞ்சில் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொல்வாய்: "வாசனைக்குக் காசு கேக்கலப்பா. நல்லா மோந்துக்கோ."

என்னால் அப்படி ஒன்றைச் சொல்ல முடிந்ததில்லை. 1934இல் நாம் இருவரும் ஒன்றாகத்தான் புதுவைக் கல்லூரியில் சேர்ந்தோம். விடுதியிலும் ஒரே அறை. நான் மக்கு அல்லன். கணக்கில் உனக்கு நான் ஆசான், பிரஞ்சில் எனக்கு நீ ஆசான் என்பது நம் ஏற்பாடு. எழுத்துத் தேர்வுகளில் நான் நன்றாகவே தேறினேன். ஆனால் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது விடை என் நாக்கின் நுனி வரையில் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிரஞ்சுச் சொற்களை மனத்துக்குள் அடுக்கி, பால் பிரித்து, காலம் பார்த்து முடிப்பதற்குள் வேறொருவன் எழுந்து சொல்லிவிடுவான். என்னைக் கடிந்துகொண்டவர் எவருமில்லை. நான் அங்கே இருப்பது தெரிந்தால்தானே கடிவதற்கு?

எனவே கடலூர்க் கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று 1935இன் இறுதியில் எண்ணத் தொடங்கினேன். பாகூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்தால் வந்துவிடும் ஊர். ஆனால் ஆறு இக்கரைப் பிரஞ்சு அரசையும் அக்கரை ஆங்கிலேய அரசையும் பிரித்தது. அவர்களுடையது ஆங்கிலப் படிப்பு. நான் பிரஞ்சில் படித்த இரண்டாண்டும் அங்கே கணக்கில் வராது. முதல் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டும். கடல் கடந்து, பிரஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் இருந்த என் சித்தப்பா, பிரஞ்சுச் சான்றிதழோடு வந்தால் எழுத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் போய்விடும். தவறான முடிவென்றால் திரும்பி வருவதற்கு வழியில்லை என்பதை நான் நன்றாக உணர்ந்திருந்தேன். ஆகவே இடத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்வதில்லை என்று உறுதிகொண்டேன்.

1936 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. வயிற்று வலி என்று விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்திருந்த நான், தனியாகக் கடலூருக்குப் புறப்பட்டேன். பத்தரை மணிக்குக் கல்லூரிக்குள் நுழைந்தேன். வகுப்புகள் நடக்கவேண்டிய நேரம். ஆனால் நீண்ட தாழ்வாரங்களில் ஒரு காலடி ஓசை இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு மாணவர்கள் ஒருவருக்கொருவர் கேட்கும் அளவுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. ஏற்றியவனுடைய சோம்பல் என்று எண்ணி, காவலாளியிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அது ஒன்றைத் தவிர அங்கே எனக்குக் குறையே தெரியவில்லை. கூச்சல் இல்லை, கேலி இல்லை; வாய் திறக்கவேண்டிய தேவையே இல்லாத இடம். எனக்கென்றே கட்டியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்காமலேயே கேட்டுக்கொண்டார். சைகோன் வேலை போய்விடுமே என்று நானே நினைவூட்டினேன். "நீ கப்பல் ஏறலன்னா நெல்லு வெளையாதா? ஒனக்கு ஒத்துவந்தா சரி" என்று சொல்லிவிட்டுக் காற்று வரும் திசைக்குத் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை மாலை. விடுதிக் கிணற்றடியில் நீ தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் என் முடிவையும் அந்தக் கல்லூரியின் அமைதியையும் விரிவாக எடுத்துரைத்தேன். நீ தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாய்.

"என்னிக்கிடா போன?"

நாளையும் கிழமையையும் சொன்னேன். நீ கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அன்னிக்கித்தாண்டா அவங்க ராசாவப் பொதைச்சாங்க. கடலூர்ல சர்க்கார் கச்சேரி, பள்ளிக்கூடம் ஒண்ணுமே தெறக்கலன்னு கடைக்கி வந்த ஏவாரிங்க சொன்னாங்க. சாவு வூட்டப் பாத்துட்டு, இன்னா அடக்கமான குடும்பம்னு பொண்ணு எடுக்கப் போறியே, நீயெல்லாம் கணக்குல பெரிய ஆளு."

ஆங்கிலேயரின் மன்னர் காலமானார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவரை அடக்கம் செய்யும் நாளைப் பிரஞ்சு மண்ணில் யார் நினைவில் வைத்தார்கள்? நமக்கு அன்று வேலை நாள். எனவே ஆற்றுக்கு அப்பாலும் வேலை நாள்தான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கொடிகளுக்கு நடுவே வாழ்ந்த நம்மைப் போன்றவர்களுக்கே வாய்க்கக்கூடிய பிழை அது. உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீதான் வந்து, அவர்களும் வேலை செய்கிற நாளில் இன்னொருமுறை போய்ப் பார்த்தால் ஆயிற்று என்றாய்.

ஆனால் அவர்கள் வேலை செய்யும் நாளில் நாமும் வேலை செய்தோம். இரண்டாம் முறை எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அங்கே புதிய ஆண்டு கோடை கழிந்துதான் தொடங்கும் என்பதால் பொறுத்திருந்தேன். நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்கு வேலை நாளாகவும் அமையும் நாளை நீ கண்டுபிடித்தாய்: ஜூலை 14, பிரஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். புதுவை முழுவதும் விளக்கு, அணிவகுப்பு, போட்டிகள். முந்தைய ஆண்டு வழுக்கு மரத்தில் நீ பாதிவரை ஏறிச் சறுக்கியிருந்தாய். இவ்வாண்டு உச்சியைத் தொடுவதாக வில்லியனூரில் பாதிப் பேரிடம் சவால் விட்டிருந்தாய். அதை நினைவூட்டியபோது, "வழுக்கு மரம் அடுத்த வருஷமும் வழுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடை மிதிவண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாய்.

எல்லைச் சுங்கச் சாவடியில் சேவகர் உன் மூட்டையைக் கண்டு நிறுத்தினார். கடைக்காரர் மகன் என்றால் வரி கட்டாத சரக்கு இல்லாமலா போகும் என்பது அவர் எண்ணம்.

"இன்னா எடுத்துனு போற?"

"புளிச்சோறுங்க. வரி போடணும்னா புளிப்புக்கு மட்டும் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை, மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அன்று நான் கண்டது முற்றிலும் வேறொரு கல்லூரி. ஜனவரியில் துயில்கொண்டிருந்த தாழ்வாரங்களில் அன்று நடக்க இடமில்லை. மணி அடித்தால் மாணவர்கள் மடை திறந்ததுபோல் பாய்ந்தார்கள். ஒருவன் என் காலை மிதித்துவிட்டு, "ஓரமா நில்லுப்பா" என்றான். எனக்குச் சினம் மூண்டது. பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம் என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் இருடா. பொணம் மாதிரிக் கெடந்த அன்னிக்கி அவ்ளோ புடிச்சிது. உசுரோட இருக்கறப்ப ஒரு மணி நேரம் தாங்கலியா?"

இருந்தேன். பிற்பகலில் நீ ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் பேசி, கடைசிப் பெஞ்சில் நாம் உட்கார இசைவு வாங்கினாய். நீரின் அழுத்தம் பற்றிய பாடம். அவர் ஆங்கிலத்தில் தொடங்கி, புரியாத முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, மீண்டும் ஆங்கிலத்துக்குப் போனார். ஏரி நிரம்பியிருக்கும்போது மதகின் அடிப்பலகையைத் தூக்குவது ஏன் கடினம் என்று கேட்டார். பாசி பிடித்திருக்கும் என்றான் ஒருவன். பலகை ஊறியிருக்கும் என்றான் இன்னொருவன். ஆசிரியர் காத்திருந்தார். நான் எழுந்து நின்றிருப்பதை, எழுந்த பிறகே அறிந்தேன்.

"தண்ணி மேலேர்ந்து சாயுதுங்க. ஒசரம் ஏற ஏற அடியில பாரம் ஏறுது. மேல்பலகைய ஒருத்தரே தூக்கிடலாம், அடிப்பலகைக்கு நாலு ஆளு வேணும். எங்க பாகூர் ஏரியில பாத்திருக்கேன்."

"பாகூரா? பிரஞ்சுத் தண்ணிக்கும் அதே பாரம்தானா?" என்றார் அவர்.

"பாரம் ஒண்ணுதாங்க. சாவடிதான் வேற."

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதையே ஆங்கிலத்தில் சொல் என்றார். நான் சொன்னேன், வினைச்சொல்லைத் தவறாகச் சொன்னேன். மறுபடியும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

திரும்பும்போது பெண்ணையாற்று மணலில் அமர்ந்து எஞ்சிய புளிச்சோற்றைத் தின்றோம். அங்கேயே சேர்ந்துவிடு என்றாய். நான் என் ஐயங்களை முறையாக வரிசைப்படுத்தினேன்: இழக்கப்போகும் ஆண்டுகள், சைகோன், காது கிழியும் கூச்சல். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாய்.

"ரெண்டு வருஷமா பக்கத்துல ஒக்காந்துகினு இருக்கேன். வகுப்புல ஒங்கொரல கேட்டதே இல்ல. இன்னிக்கித்தான் கேட்டேன். நல்லாத்தான் இருக்குது."

"கணக்குக்கு நீ இன்னா செய்வ?" என்றேன்.

"தோத்தா எனக்குக் கட இருக்குது. வாயத் தெறக்காமயே படிச்சி முடிச்சா ஒனக்கு இன்னா இருக்குது?"

ஜூலை 20, திங்கட்கிழமை நான் கடலூரில் சேர்ந்தேன். 1937இல் நீ கணக்கில் தோற்றாய், 1938இல் தேறினாய். வில்லியனூரில் 'மேரி' எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் பதியும் வேலையில் அமர்ந்து, பிரஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பின்பும் அதே நாற்காலியில் இருந்தாய். நான் பாசனத்துறையில் மேற்பார்வையாளனாக ஏரிகளையும் மதகுகளையும் பார்த்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ கூட்டங்களில் அதிகாரிகளுக்கு எதிரே எழுந்து நின்று, இந்தக் கரை நிற்காது என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன கரைகள் நின்றதில்லை. இழந்ததாக எண்ணிய இரண்டாண்டுகளை நான் இழப்பில் சேர்ப்பதில்லை. அம்முடிவு சரியானது, இதில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை.

என் மகளுக்கு வரன் பார்த்தபோதும், நல்ல நாள் பார்த்து ஒருமுறை போன வீட்டுக்கு, ஒன்றுமில்லாத ஒரு புதன்கிழமையில் சொல்லாமல் மறுபடி போனேன். உறவினர்கள் என்னைப் பண்பற்றவன் என்றார்கள். மகள் நன்றாக இருக்கிறாள்.

நீ மறைந்தது இவ்வாண்டு மார்ச் 9, வியாழக்கிழமை. மறுநாள் வந்தேன். உன் வீட்டில் எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். யாரும் யாரையும் எதிர்த்துச் சொல்லவில்லை. நான் மாலையை வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். நெடுநாள் பழகியவன் இப்படிப் போகிறானே என்று உன் உறவினர்கள் வருந்தியதாகக் கேள்வி.

செப்டம்பர் 27, புதன்கிழமை மீண்டும் வந்தேன். கடையில் உன் மகன் எண்ணெய்க்காரரோடு ஓங்கிய குரலில் சண்டையிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வானொலி அலறியது. அதைக் குறைக்கச் சொல்லி உன் மனைவி அதைவிட உரக்கக் கத்தினார். என்னைப் பார்த்ததும், "சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களேண்ணா, வெறும் ரசந்தான் இருக்குது" என்றார். அதுவே போதும் என்றேன். எண்ணெய்க்காரர் தோற்றுப் போய் உட்கார்ந்து ரசம் குடித்தார். யாரோ உன்னைப்போல் பேசிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் வரைக்கும் இருந்தேன்.

இம்மடலை உன் மகனிடம் கொடுத்துவைக்கிறேன். அவன் பிரித்துப் படிப்பான்; படிக்கட்டும்.

உன்,
அறைத்தோழன்.

இணைப்புகள்:

(அ) மேற்படி புதன்கிழமை வில்லியனூருக்கு வந்த பேருந்துச் சீட்டு. தேதி தெளிவாகத் தெரிகிறது.

(ஆ) 1937ஆம் ஆண்டுத் தேர்வில் நீ பாதியில் விட்டுவிட்டு எழுந்துவந்த நான்காம் கணக்கு, முழுச் செய்முறையுடன். விடை இருமுறை சரிபார்க்கப்பட்டது. நீ விட்ட இடத்திலிருந்து இரண்டே வரிதான் மிச்சம் இருந்தது.