கப்பல் வேண்டாம், மச்சான்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

அன்புள்ள மச்சானுக்கு வஜீஹாவின் சலாம்.

இங்கே எல்லாரும் சுகம். அது உங்களுக்கே தெரியும். நேற்று மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஹாலில் எங்களை வரிசையாக உட்காரவைத்து வீடியோவில் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி மாமா முன்னால், மாமி பக்கத்தில், நான் பின்னால் கதவோரம். என் முகத்தில் பாதிதான் தெரிந்திருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், சாப்பிட்டேன் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நேற்று நான் உங்களோடு பேசியது.

தினமும் பேசுகிற பெண்டாட்டி எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் தனியாக எழுதலாமே என்பீர்கள். போன வருஷம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது என்று ஒரே ஒரு வரி. அதை அப்படியே மாமிக்கு அனுப்பி, பாவம் அவளுக்கு என்னவாம் பாருங்கள் என்று கேட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள், தெரியும். மாமி ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதனால்தான் இந்தக் காகிதம். இதை ஃபார்வர்ட் பண்ண கொஞ்சமாவது கஷ்டப்பட வேண்டும். உங்களோடு வேலை பார்க்கிற நதீம் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் ஒட்டிக் கொடுக்கிறேன். படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மகள் புஷ்ராவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உங்களுக்காகத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் வரும்போது கொடுப்பாளாம். அதற்குள் புதுப்பல்லே முளைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இப்போது கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் உங்கள் இருபத்தோரு நாள் லீவில் எல்லாரும் சேர்ந்து கப்பலில் இலங்கையைச் சுற்றுவதா, இல்லை அந்தமானில் ஏதாவது ஒரு தீவில் போய்த் தங்குவதா என்று கேட்டீர்கள். இந்த வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. இஃப்ரா தினமும் கொட்டிவாக்கத்திலிருந்து போன் போடுகிறாள். கப்பல்ல ஐஸ்கிரீம் எப்ப கேட்டாலும் குடுப்பாங்களாம் அண்ணி, நீச்சல் குளம்லாம் கீதாம் என்று. உங்கள் தங்கை இத்தனை வயதிலும் ஐஸ்கிரீமுக்கு வாக்குப் போடுகிறாள், ஆச்சரியமில்லை. மாமாவுக்கும் கப்பல்தான். தீவுக்குப் போனால் ஆளுக்கொரு பக்கம் போவீங்க, கப்பல்னா யாரும் எங்கேயும் போக முடியாது, எல்லாரும் கண்ணு முன்னாடி இருப்பீங்க என்றார். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

உனக்கு என்ன இஷ்டம் வஜீஹா என்று அன்றைக்கு நீங்களும் கேட்டீர்கள். ஸ்பீக்கரில் கேட்டீர்கள். ஹாலில் இஃப்ரா குடும்பத்தோடு சேர்த்து ஆறு பேர் என் வாயைப் பார்த்தார்கள். நான் பேசவில்லை. சரி, அவ ஒண்ணும் சொல்லல, அப்ப கப்பலே ஓகே என்று முடித்துவிட்டீர்கள்.

அடுத்த வாரம் இஃப்ராவோடு ஆழ்வார்பேட்டையில் டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். பாலகணேஷ் என்று ஒருவர் கம்ப்யூட்டரில் அறைகளைக் காட்டினார். பெண்களுக்கு ஒரு கேபின், ஆண்களுக்கு ஒரு கேபின் என்று மாமா முன்பே சொல்லிவிட்டிருந்தார். அதாவது மாமி, இஃப்ரா, நான், புஷ்ரா ஓர் அறையில். நீங்கள், மாமா, இஃப்ரா வீட்டு மாப்பிள்ளை, அவர்கள் பையன் இன்னோர் அறையில். ரயிலில் இருப்பதுபோல் சுவரிலிருந்து இறக்குகிற படுக்கை. ஜன்னல் மாதிரி ஒரு திரைச்சீலை தெரிந்தது. கடல் தெரியுமா என்று கேட்டேன். அது சும்மா அழகுக்கு மேடம், திரைக்குப் பின்னாடி சுவர்தான், உள்பக்கக் கேபினுக்கு ஜன்னல் வராது என்றார். மரியாதையான மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். இஃப்ரா எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை. நம் அறை உங்களுக்குத் தெரியும். தி.நகர் கடைக்கு வந்த பெட்டிகளை மாமா நம் அறையில்தான் அடுக்குகிறார். நீங்கள் போன பிறகு இன்னும் இரண்டு வரிசை ஏறிவிட்டது, ஜன்னல் முழுக்க மூடிவிட்டது. ஊரில் பயணம் போகிறவர்களுக்கெல்லாம் சூட்கேஸ் விற்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தேன். ஏழு வருஷத்தில் எனக்கென்று அதில் ஒன்றையும் திறந்ததில்லை. இப்போதுகூட ஒரு பெரிய பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆபீஸில் இன்னொன்றும் நடந்தது. பணம் கட்டுகிற பேச்சு வந்தபோது இஃப்ரா சொன்னாள், அண்ணனுக்கு என்ன அண்ணி கவலை, மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டதுக்கு கம்பெனி குடுத்த போனஸ்தானே இது என்று. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏசி அதிகம் என்று சொன்னேன். ஆட்டோவில் ஏது ஏசி என்று அவள் சிரித்தாள்.

மார்ச்சில் நீங்கள் கேட்டது உண்மைதான். இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நீ என்ன சொல்றே என்று. அதுவும் ஹாலில், அதுவும் ஸ்பீக்கரில். நான் மாமியைப் பார்த்தேன், மாமி தரையைப் பார்த்தார். நான் பேசவில்லை. லீவில் வரும்போது தனியாகக் கேட்பீர்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

மச்சான், இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நிக்காஹ் அன்று பெரியத்தா, பெண்ணிடம் சம்மதம் வாங்குகிற வக்கீலாக, இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் வந்து, இன்னாருக்கு உன்னை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று கேட்டார். நான் பேசவில்லை. பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்தான் என்று சாட்சிகள் எழுந்து போனார்கள். அன்றைக்கு அது நிஜமான சம்மதம். உங்களைப் பிடித்திருந்தது, வெட்கத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளுக்குச் சொன்னதை இந்த வீடு ஏழு வருஷத்துக்கும் வைத்துக்கொண்டது. நீங்களும்தான். என் மேலும் தப்பு இருக்கிறது. அன்று பேசாமல் இருந்ததற்கு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

இரண்டே வருஷம், அப்புறம் உன்னை அழைச்சிக்கிறேன், இல்லைன்னா நானே வந்துடறேன் என்றீர்கள். பாஸ்போர்ட்கூட எடுத்துக் கொடுத்தீர்கள். அது மாமாவின் பீரோவில் இருக்கிறது. கப்பலுக்கு நகல் எடுக்க அவர் வெளியே எடுத்தபோது பார்த்தேன். போட்டோவில் இருக்கிற பெண் என் தங்கை மாதிரி இருக்கிறாள். உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. ஏழு வருஷத்தில் நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது நூற்று அறுபத்தாறு நாள். அதில் கல்யாண வீடுகளும் விருந்துகளும் போக எத்தனை மிஞ்சும் என்று நான் எண்ணவில்லை.

மாமியைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் காலைப் பிடித்துவிடுகிறவர். போன வாரம் துணி மடிக்கும்போது மெதுவாகச் சொன்னார், முட்டுக்காட்டுல போட்ல போனதுக்கே எனக்கு வாந்தி வந்துச்சு, கப்பல்ல அஞ்சு நாள் என்ன பண்ணப்போறேனோ என்று. மாமாவிடம் சொல்லலாமே என்றேன். இவ்வளவு வருஷத்துல அவர்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்லமா, இனிமேயா சொல்லப்போறேன் என்று மடித்த துணியையே மறுபடியும் மடித்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் முப்பது வருஷத்தில் நான் இதே ஹாலில் இதே துணியோடு உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

மறுநாள் புஷ்ராவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். திரும்பும்போது பாலகணேஷ் ஆபீஸுக்குப் போனேன். நானும் அவளும் மட்டும். கப்பலுக்குக் கடைசிப் பட்டியல் எப்போது போகும் என்று கேட்டேன். முப்பதாம் தேதி என்றார். அதற்குள் மூன்று பெயரை எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கலாம், மத்தவங்க பயணத்துக்கு ஒரு பாதிப்பும் வராது என்றார். பிறகு நீல் தீவில் ஓர் அறையைக் காட்டினார். பெரிய ஹோட்டல் இல்லை. மரத்தால் கட்டிய சின்ன அறை, வாசலில் இரண்டு நாற்காலி, கடலுக்கு நடந்தே போகலாம். ஜூலையில் அங்கே மழை மேடம், வெளியே சுத்திப் பார்க்க முடியாம போகலாம், யோசிச்சுக்குங்க என்று எச்சரித்தார். அவருக்கு எப்படித் தெரியும், மழை பெய்து அறையிலேயே உட்கார்ந்திருப்பதற்குத்தான் நான் போகப் பார்க்கிறேன் என்று? அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாமாம். ஆதார் போதும். அது என் கைப்பையிலேயே இருக்கிறது. நான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள். நீங்கள், நான், புஷ்ரா.

வீட்டுக்கு வந்ததும் எங்கே இவ்வளவு நேரம் என்று மாமா கேட்டார். டாக்டரிடம் கூட்டம் என்றேன். புஷ்ராவிடமும் கேட்டார். அவளுக்கு அங்கே சாக்லேட் கொடுத்திருந்தார்கள், ஆபீஸில் இருந்த கப்பல் பொம்மையைத் தொட்டுப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று நான் பயந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பேசாமல் நின்றாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, மச்சான். ஐந்து வயதுதான் ஆகிறது. கதவோரம் நின்று நின்று என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. இந்தக் கடிதம் எழுதுவதே அதனால்தான்.

அதனால் இப்போது தெளிவாக எழுதுகிறேன். கப்பல் வேண்டாம். மாமா, இஃப்ரா குடும்பம் எல்லாரும் சந்தோஷமாகப் போய் வரட்டும், மாமி விரும்பினால் வீட்டிலேயே இருக்கட்டும். எனக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற ஓர் அறை வேண்டும். அங்கே என் முகத்தைப் பார்த்து, இன்னும் மூன்று வருஷம் இருக்கட்டுமா என்று மறுபடியும் கேளுங்கள். ஹாலில் கேட்டதை நான் கணக்கில் வைக்கவில்லை. அங்கே கேளுங்கள். நான் வாயால் பதில் சொல்கிறேன். வேண்டாம் என்பேன். வந்துவிடுங்கள் என்பேன், இல்லையென்றால் எங்களை அழைத்துப் போங்கள் என்பேன். ஏன் என்று கேட்டால் அதையும் சொல்வேன். நான்கு நாள் போதுமா என்றுதான் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எப்படி என்பீர்கள். போட்டவருக்கு அதை எப்படி மாற்றுவது என்றும் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சேர்ந்து யோசிப்போம்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் என்பது அதைவிட அதிகமாக இருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், அல்லது நான் தனியாக இருக்கும்போது என் போனில் கூப்பிடுங்கள். மாடிக்குப் போய்ப் பேசுகிறேன். மாமா கேட்டால், என் புருஷனோடு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டே போகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஆழ்வார்பேட்டைக்குப் போய்க் கப்பலிலிருந்து நம் மூன்று பேர் பெயரையும் எடுத்துவிடுவேன். நீங்கள் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். இந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்கிறேன். இதுவரை மனசுக்குள் கேட்டுவந்தேன். இன்று மதியம் லுஹர் தொழுகையில் புஷ்ரா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் காதில் விழும்படி வாய்விட்டே கேட்டேன். ஆமீன் என்று அவளும் சத்தமாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
வஜீஹா