நடக்காத சுற்றுகள்

ஒக்டோபர் 4, சனி

விடிந்ததிலிருந்து தூறல். குடையை மறந்து, பாதி வழியில் திரும்பி வந்து எடுத்து, ஏழு மணி பஸ்ஸை விட்டாயிற்று. இளைக்கும் கிளப்புக்குப் பிந்திப் போனால் மாலினி மிஸ் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

நிறை 70.2. போன சனி 70.9. கைதட்டு கிடைத்தது.

செருப்பும் சப்பாத்தும் விற்கும் கடைக்கு மேல் மாடி. இருபது பெண்கள், ஒரு தராசு. ஒவ்வொருத்தியின் நிறையையும் மிஸ் சத்தமாக வாசிப்பார். குறைந்தால் கைதட்டு. கூடினால் "பரவாயில்ல, அடுத்த கிழம பாப்போம்". அந்தப் பரவாயில்லைக்குப் பதிலாக ஓர் அறை விட்டிருக்கலாம்.

பக்கத்தில் ஹாஜரா. அக்குறணையில் புடவைக் கடை. அபாயா அங்கியோடுதான் தராசில் ஏறுவார். அபாயாவுக்கு ஒரு கிலோ கழிப்பது மிஸ்ஸின் சட்டம். இன்று கல் வைத்த கனத்த அபாயாவை வீட்டில் விட்டு மெல்லியதில் வந்து, அரைக் கிலோ குறைந்ததாகக் கைதட்டும் வாங்கினார். பிறகு என் காதில்: "நான் இங்க வார மூணாவது தரம். ஒரே பத்து கிலோவ எனக்கு மூணு தரம் வித்தீக்காங்க."

சிரித்துவிட்டேன். மிஸ் முறைத்தார்.

எனக்கு அழகு வேண்டாம். நாற்பத்தேழு வயதில் யாருக்குக் காட்ட? 70க்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான். தம்பி கதிரின் இரண்டு கிட்னியும் போய்விட்டது. அவன் மனைவி வசந்தியின் இரத்தம் சேரவில்லை. என்னுடையது எல்லாம் பொருந்துகிறது. மார்ச்சில் டொக்டர் சொன்னது: 79 கிலோவில் கத்தி வைக்க மாட்டோம், 70க்குக் கீழே வந்தால் பார்க்கலாம். கிளினிக் 15ஆம் திகதி. இன்னும் கால் கிலோ. கால் கிலோ!

ஒ. 6, திங்கள்

கந்தோரில் பிரிண்டர் மறுபடி மக்கர். பகல் ஒரு கரண்டிச் சோறு, அதற்கு முன் கிளப்பில் விற்கும் பச்சை மாத்திரை இரண்டு. காலையும் இரவும் அங்கே வாங்கும் பவுடர். மண்ணைக் கரைத்துக் குடித்தாற்போல் ருசி. டின்னில் ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் ஓடுகிறாள். இதை ஒரு மடக்குக்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

மேலதிகாரி: "என்ன மிஸ், இளைச்சு அழகாயிட்டீங்க, ஏதும் விசேஷமா?" போடா.

ஒ. 7, செவ்வாய்

கதிருக்கு இரத்தம் சுத்தம் செய்யும் நாள். கந்தோரில் அரை நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை வீங்கியிருக்கிறது. முகம் மஞ்சள். ஆனாலும் வாய் ஓயவில்லை. பக்கத்துக் கட்டில் மாத்தளைக்காரரிடம்:

"எங்க அக்கா எனக்காக லேக்க சுத்தி நடந்தே எட்டு ஒம்பது கிலோ கொறச்சிருக்கு. மழையாவது பனியாவது, காலையில அஞ்சரைக்கு எறங்கிரும்."

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

கதிர் தெல்தெனியப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேலைக்குப் போக முடியாத நாளிலிருந்து பழைய வரவு இடாப்பு ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறான். பிள்ளைகளின் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். கட்டத்துக்குக் கட்டம் நான் நடந்த சுற்று. "நேத்து எத்தன?" என்றான். "ரெண்டு." எழுதினான். கூட்டினான். "இருநூத்திப் பதினாலு."

உண்மை இதுதான், இங்காவது எழுதி வைக்கிறேன். ஏப்ரலில் பத்தொன்பது நாள் நடந்தேன். முழங்கால் வலி, குறைந்தது ஒரு கிலோ. ஒரு கிலோ! ஜூனில் கிளப்பில் சேர்ந்தேன். நடப்பதை விட்டேன். முதல் நாள் அவன் "எத்தன ரவுண்டு" என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதாயிற்று.

கிளப் என்று சொன்னால் என்ன? ஒன்றுமில்லை. நடக்கிறேன் என்றதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். பவுடர் குடிக்கிறேன் என்றால் அது வராது.

ஒ. 9, வியாழன்

கிளினிக்குக்காக இரத்தம் கொடுத்தேன். மூன்று குழாய். நேர்ஸ் நரம்பைத் தேடி இரண்டு முறை குத்தினார். வரும் வழியில் பேக்கரி வாசலில், மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் வாசம். ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

சமையல் காஸ் முடியப் போகிறது. ஆர்டர் கொடுக்க வேண்டும்.

ஒ. 11, சனி

69.6!!

மிஸ் கட்டிப் பிடித்தார். மார்ச்சிலிருந்து மொத்தம் 9.4 கி. சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார். "சிரிங்க அக்கா, ஒங்க தம்பிய நெனச்சி சிரிங்க." சிரித்தேன். உள்ளுக்குள்ளிருந்து வந்த சிரிப்புத்தான், பொய் சொல்லவில்லை.

கிளினிக் புதன் என்றதும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "டொக்டர்மாருக்குப் பவுடர் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அவங்களுக்கு மருந்து தெரியும், சாப்பாடு தெரியாது. வீணா கொழப்புவாங்க."

சரி என்றேன். எனக்கும் அது வசதிதானே.

ஒ. 15, புதன்

எழுத வரவில்லை. ஆனாலும்.

தராசு: 69.4. டொக்டர் தலையாட்டினார். பிறகு ரிப்போர்ட்டைப் புரட்டினார், நிறுத்தினார். ஈரல் கணக்கு இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. மார்ச்சில் சரியாக இருந்தது. அங்கேயே ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: ஏதாவது மருந்து? நாட்டு மருந்து? பவுடர், மாத்திரை, கஷாயம், எதுவென்றாலும்?

நான் வாயைத் திறக்குமுன் கதிர் முந்திக்கொண்டான். சிங்களத்தில், பெருமையாக: ஒன்றுமேயில்லை டொக்டர், அக்கா குளத்தைச் சுற்றி நடக்கிறார், சோற்றைக் குறைத்திருக்கிறார். இடாப்பை எடுத்து மேசையில் விரித்தும் காட்டினான்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் இடாப்பைப் பார்த்தேன். அவன் எழுத்து எவ்வளவு சுத்தம். தலையாட்டினேன்.

காரணம் தெரியாத ஈரல் கோளாறு உள்ளவரிடம் கிட்னி எடுக்க முடியாது என்றார். அடுத்த புதன் டொக்டர்மார் கூட்டத்தில் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். வேறு ஆள் பாருங்கள். வேறு ஆள் எங்கே?

திரும்பும்போது த்ரீவீலில் அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். அவன் எனக்கு! "நீ என்ன செய்வ அக்கா. ஒன்னால முடிஞ்சத செஞ்சிட்ட. இதுக்கு மேல யாரு செய்வா?"

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கும் நட. ஒன் ஒடம்புக்கு நல்லது" என்றான்.

ஒ. 16, வியாழன்

லீவு. மழை. டின்னை ஜன்னலோரம் பிடித்து, கண்ணாடி போட்டு, பின்பக்கம் முழுவதும் வாசித்தேன். நாலு மாதமாக வாசிக்காதவள். எறும்பு அளவு எழுத்தில் இங்கிலீஷில்: வைத்திய ஆலோசனை பெற்ற பின் பாவிக்கவும். மாத்திரைப் போத்தலில் அதுகூட இல்லை. ஏதோ இலைகளின் பெயர். எவ்வளவு இலை, என்ன இலை, யாருக்குத் தெரியும்.

மிஸ்ஸுக்கு கோல் எடுத்தேன்.

"பயப்படாதீங்க அக்கா, அது ஒடம்புல இருக்கிற கெட்டது வெளிய போற அடையாளம்."

"ஈரல் கெட்டுப் போற அடையாளம்னு டொக்டர் சொல்றாரு."

"அப்ப மாத்திரைய ஒன்னாக் கொறச்சுக்கங்க."

ஃபோனை வைத்துவிட்டேன். இல்லையென்றால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கிளப் பிரயோசனமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? இளைத்தது உண்மை. நடந்தும் போகாத நிறை இதில் போயிற்று. ஆனால் நான் போனது இளைப்பதற்கா? கதிருக்காகப் போனேன். அந்த ஒன்றைத்தான் இது கெடுத்தது. கிளப்பில் இருபது பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தது நன்றாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். ஹாஜரா இல்லாத சனிக்கிழமை வெறிச்சென்று இருக்கும். அதற்குப் பவுடர் எதற்கு? பிளேன்டீ போதாதா?

முழுப் பழியையும் டின் மேல் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று பார்த்தேன். டொக்டர் கேட்டபோது டின் தலையாட்டவில்லை. நான்தான் ஆட்டினேன்.

ஒ. 18, சனி

சண்டை போடத்தான் போனேன். படியேறும்போதே சுவரில் நான். முன், பின். ஜூனில் எடுத்தது, போன வாரம் எடுத்தது. கீழே கொட்டை எழுத்தில்: "தம்பிக்குக் கிட்னி கொடுக்க 9 கிலோ குறைத்த அக்கா! உங்களாலும் முடியும்!"

மூலையில் கிடந்த மரக் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். மிஸ் "அக்கா, அக்கா, விழுந்துருவீங்க" என்று ஓடி வந்தார். ஹாஜராதான் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "கிழிங்க. நான் புடிச்சிட்டு ஈக்கேன்."

கிழித்தேன்.

"நான் ஆறு வருஷமா இதக் குடிக்கிறேன்," என்றார் மிஸ். "எனக்கு ஒன்னும் ஆகல."

"ரத்தம் பாத்திருக்கீங்களா மிஸ்?"

"எதுக்கு?"

உண்மையாகவே புரியாமல் கேட்டார். திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். இவரும் ஏமாந்தவர்தான். அதற்காக மன்னிக்கவில்லை.

கீழே இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "நிப்பாட்டினா நிறை திரும்ப வந்துரும் அக்கா. பாத்துக்கங்க."

அது மட்டும் உண்மை என்று எனக்கும் தெரியும். குடித்தால் ஈரல், விட்டால் நிறை.

ஒ. 20, திங்கள். தீபாவளி

கதிர் வீட்டில். வசந்தி முறுக்கும் பயத்தம் பலகாரமும் சுட்டிருந்தாள். என் புதுச் சட்டை தோளில் தொளதொள. தட்டை நீட்டினாள், கதிர் குறுக்கே கை வைத்தான். "அக்காவுக்குக் குடுக்காத. டொக்டர் மறுபடி அக்காவக் கூப்புட்டா என்ன செய்றது? நிறை ஏறக் கூடாது."

இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் முறுக்கு ஆகாது, உப்பு. நாங்கள் இரண்டு பேரும் பிளேன்டீயை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொல்லவில்லை. கோழை.

நாளை செவ்வாய். அடுத்த நாள் கூட்டம்.

ஒ. 21, செவ்வாய்

டின்னையும் போத்தலையும் சீலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கதிர் மெஷினில் இருக்கும்போது டொக்டரின் அறைக்கு. மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுதான் காரணமா என்று இன்று சொல்ல முடியாது, நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எட்டுக் கிழமை, இரண்டு மாதம். பவுடர், மாத்திரை ஒன்றும் கூடாது. பெயரை எடுக்காமல் தள்ளி வைக்கச் சொல்கிறேன். நிறை 70ஐத் தாண்டக் கூடாது. பிறகு, நேராகப் பார்த்து: போன புதனே சொல்லியிருந்தால் ஒரு கிழமை மிஞ்சியிருக்கும், உன் தம்பிக்கு ஒரு கிழமை என்பது சின்ன விஷயம் இல்லை.

தம்பியிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். கையில் ஊசி, குழாய், எழுந்து போக முடியாமல் படுத்திருந்தவனிடம். அது நியாயமில்லைதான்.

கிளப், பவுடர், மாத்திரை, ஈரல், எல்லாம் கேட்டான். கோபப்படவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று:

"அப்ப நீ நடக்கவே இல்லையா?"

"பத்தொம்பது நாள்."

மாத்தளைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். கதிர் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று மணி நேரம்.

ஒ. 24, வெள்ளி

இரண்டு முறை கோல் எடுத்தேன். வசந்தி எடுத்தாள். "தூங்குறாரு அண்ணி." பகல் பதினொரு மணிக்குத் தூக்கமா? இன்று ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னானாம்.

பவுடர் விட்டு மூன்று நாள். பசி பிய்க்கிறது. கந்தோர் தராசில் 69.9. பார்சல் நிறுக்கும் தராசு, நம்பலாமா தெரியவில்லை. காலை ஒரு சுற்று நடந்தேன். முழங்கால் செத்துவிட்டது.

ஒ. 25, சனி

ஒரு சுற்று. மழை. இராத்திரி பருப்பும் கீரையும், சோறு இல்லை. ஹாஜரா கோல் எடுத்தார், அவரும் கிளப்பை விட்டுவிட்டாராம். "நாலாவது தரம் வாங்க எனக்கு ஏலா." கதிர்: கோல் இல்லை.

ஒ. 26, ஞாயிறு

ஐந்தரை. பனி, எதிரே வருபவர் முகம் தெரியாது. முதல் சுற்று முடியப் போகும் இடத்தில், வாவியோர வாங்கில் யாரோ மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். த்ரீவீல் ஒன்று ஓரமாக நின்றது.

கதிர். மடியில் இடாப்பு. குளிரில் வரக் கூடாதவன்.

"எதுக்கு வந்த? நெஞ்சுல சளி கட்டுனா என்ன ஆகும்?" என்று கத்தினேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினான். இருநூற்றிச் சொச்சம் சுற்றுக்கும் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. அடுத்த பக்கம் வெறுமை. மேலே என் பெயர் மட்டும், புதிதாக.

"நானே எண்ணுறேன்" என்றான். "இனி நீ சொல்றத எழுத மாட்டேன்."

பேனாவைத் திறந்தான்.

"நட."