பல் பட்ட செங்கல்கள்

ஜூலை 22, 1957, திங்கள்

சமையலறைப் பங்கு முடிந்தது. அம்மி அவர்களுக்கு, ஆட்டுக்கல் எங்களுக்கு. பித்தளைப் பாத்திரங்களில் சண்டையே வரவில்லை. அவரவர் தாய்வீட்டில் பெயர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். 'ருக்மணி' என் பக்கம், 'சந்திரமதி' அந்தப் பக்கம். கொழுந்தன் கருணாகரனுக்கு உஜோங் பாசிரில் வாடகை வீடு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பெண்டாட்டி பிள்ளையோடு போகிறார். போகட்டும்.

ஒன்பது வருடம் ஒரே கூரை. பிரிவதற்கு நான்தான் காரணமாம். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறேன், குழம்பு ஆறிக் கிடக்கிறது. "வீட்டுல சும்மாதானே இருக்கே, இதைச் சூடு பண்ணக்கூட முடியலையா?" என்றேன். சும்மா இருப்பவளைச் சும்மா இருக்கிறாள் என்றால் தப்பா? அன்றிலிருந்து சந்திரமதி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள்.

ஜூலை 25, வியாழன்

இப்போது பொம்மைச் செங்கல்லில் வந்து நிற்கிறது!

மூன்று வருடத்துக்கு முன் கருணாகரனின் துரை ஊருக்குத் திரும்பும்போது இரண்டு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று என் மகள் விஜயாவுக்கு, ஒன்று சந்திரமதி மகன் தேவதாசுக்கு. சிவப்பும் வெள்ளையுமாக ரப்பர் செங்கல். மேலே குமிழ், அடியில் ஓட்டை, ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் சுவர் எழும்பும். நாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சீமைக்கு அனுப்ப, அவர்கள் அதையே செங்கல்லாக்கி நமக்குத் தானம் செய்கிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பெட்டியும் கலந்து ஒரு கோணிக்குள் போய்விட்டது.

"பாதிப் பாதியா அள்ளிப் போட்டா முடிஞ்சுது" என்றார் இவர். சந்திரமதி விடவில்லை. "பாதிப் பாதி வேணாம் மாமா. எது விஜயாவோடது, எது தேவாவோடதுன்னு பிரிச்சாகணும்."

அவள் பிள்ளை சொத்தில் ஒரு செங்கல்கூட என் வீட்டில் தங்கிவிடக் கூடாதாம். இவ்வளவு அற்பமா?

ஜூலை 28, ஞாயிறு

யார் பிரிப்பது? அவள் பிரித்தால் நான் நம்பமாட்டேன், நான் பிரித்தால் அவள் நம்பமாட்டாள். கடைசியில் கூலிக்கு ஆள் வைப்பதென்று முடிவாயிற்று. கம்போங் செட்டியிலிருந்து சீதா வருவாள். வீடு வீடாகப் போய் புளி, மிளகாய், பாக்கு எல்லாம் பொறுக்கிப் பிரித்துக் கொடுப்பவள். அந்தக் குடியிருப்புச் செட்டிகள் எல்லாரையும்போல மலாய்தான் பேசுவாள், தமிழ் வராது. "அதான் நல்லது. ரெண்டு பேருமே அவளைப் பேசி மயக்க முடியாது" என்று இவர் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூலியில் பாதி நான், பாதி அவள். பொம்மை பிரிக்கக் கூலி! பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சீதா கூடத்தில் பாயை விரித்து, கோணியைக் கவிழ்த்து, பாக்கு பிரிக்கிற மாதிரியே பிரித்தாள். சிவப்பு ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியல், பிய்ந்ததெல்லாம் கழிவு. "அப்படி இல்லை! யாருடையது எது என்று பிரிக்க வேண்டும்" என்று மலாயில் கத்தினேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது சிக்கு, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஊரில் வாத்தியாரம்மாவுக்கு அதுதான் பெயர், சிக்கு. அவள் கேட்டதும் நியாயம்தான்.

அப்போது சந்திரமதி வந்து ஒரு செங்கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இங்க பாருங்கக்கா. இறுக்கமா ஒட்டிக்கும்ல, பிள்ளைங்க பல்லால கடிச்சுத்தான் இழுக்குங்க. சாய்வா ஒரு கோடு இருந்தா விஜயா. கிணத்தடியில விழுந்து முன்பல்லு பாதி உடைஞ்சுச்சே, அந்தப் பல்லு. ரெண்டு பள்ளம், நடுவுல இடைவெளி இருந்தா தேவா."

நான் வாங்கிப் பார்த்தேன். ஏதோ கீறல். எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தது.

"நீங்க பள்ளிக்கூடம் போயிருவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எப்படிக் குத்துகிறாள் பார்! என் மகள் பல் எனக்குத் தெரியாதாம்! ஆமாம், விஜயா கைக்குழந்தையாக இருக்கும்போதே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஊர் சுற்றவா போனேன்? அந்தப் பல் போன மாதம் விழுந்தபோதுகூட விஜயா அவளோடுதான் போய்க் கூரைமேல் எறிந்தாளாம். எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அப்புறம் பொழுது சாயும் வரை சீதா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி என்னைக் கேட்டாள். "இனி கிகி சியாப்பா, சிக்கு?" இது யார் பல்? நான் வாயைத் திறக்கும் முன் அடுப்படி வாசலில் நின்று பார்த்துச் சந்திரமதி பதில் சொல்லிவிட்டாள். பல் படாதவற்றைச் சீதா சரிபாதியாகப் போட்டு இரண்டு பெட்டியையும் மூடினாள். கூலி வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனாள், புண்ணியவதி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விஜயா என்னோடு பேசவில்லை. "நீங்கதான் சின்னம்மாவைத் துரத்துறீங்க" என்கிறாள். ஏழு வயசுக்கு என்ன வாய்!

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போய்விட்டார்கள்.

மூத்தவர்கள் பங்கு பிரித்தால் இளையவர்கள் முதலில் எடுக்க வேண்டும். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் என்ன முறையோ செங்கல்லுக்கும் அதே முறை என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சந்திரமதி இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தாள். நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தன் மகனுடையதைப் பொறுக்கி எடுக்கிற அழகை வேறு நான் பார்க்க வேண்டுமா? மற்றதைக் கயிறு போட்டுக் கட்டி இவர் பரண்மேல் வைத்தார்.

லாரி ஏறும்போது "போயிட்டு வரேன்க்கா" என்றாள். "ம்" என்றேன். தெருவெல்லாம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டுகிறார்கள். நாட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இவள் முந்திக்கொண்டாள். விஜயா லாரிக்குப் பின்னாலேயே கோயில் வரை ஓடி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தூக்கிக்கொண்டு வர நான் போனால் கையைத் தட்டிவிடுகிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

குழம்பு காலையில் வைத்தது. மத்தியானம் வந்து நானே சூடு பண்ணினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திருடி!

விஜயா கேட்டாளே என்று பெட்டியை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன், பல் பட்ட எல்லாவற்றிலும் இரண்டு பள்ளம், நடுவில் இடைவெளி. அத்தனையும் தேவா. சாய்வான கோடு ஒன்றுகூட இல்லை. பல்லைப் பற்றி அன்றைக்கு அவ்வளவு பாடம் நடத்தியவளா தெரியாமல் மாற்றி எடுப்பாள்? வேண்டுமென்றே செய்திருக்கிறாள். பிரிச்சாகணும், பிரிச்சாகணும் என்று ஒற்றைக் காலில் நின்றது இதற்குத்தானா? போகிற போக்கில் என் பிள்ளையுடையதைத் தட்டிக்கொண்டு போக!

"எல்லாம் ஒரே செங்கல்தானே, விடு" என்கிறார் இவர். விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்க் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். விஜயாவைக் கூட்டிப் போகவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"பெரியம்மா!" என்று தேவா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். சந்திரமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. அலமாரிமேல், தேவாவுக்கு எட்டாத உயரத்தில் அந்தப் பெட்டி இருந்தது.

"எதை எடுத்துட்டு வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்போ ஏன்? உன் பிள்ளையோடதை அங்க போட்டுட்டு என் பிள்ளையோடதை எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தேவாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இவன்தான் என்கூடவே இருக்கானே. இவன் பல்லு எனக்கு எதுக்குக்கா? விஜயாவோட அந்த உடைஞ்ச பல்லுதான் விழுந்திருச்சே..."

மடியிலிருந்த பெட்டியைத் திறந்து, அதிலிருந்த செங்கல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காப்பி ஆறிப்போச்சுக்கா. சூடு பண்ணித் தரட்டுமா?"

செத்துவிடலாம் போல் இருந்தது. "நீ உக்காரு, நானே பண்றேன்" என்று எழுந்து அவள் அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று கொஞ்சம் அழுதேன். கொண்டுபோன பெட்டியையே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 7, சனி

சனிக்கிழமையானால் விஜயாவை உஜோங் பாசிரில் விட வேண்டும், ஞாயிறு மாலை கூட்டிவர வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது, தலை பின்னிக்கொள்ளாமல் செங்கல்லைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு ஒட்டிக்கொண்டு வரவில்லை போல, வாயில் வைத்துக் கடிக்கப் போனாள். எனக்கு வந்ததே கோபம்! பாய்ந்து பிடுங்கினேன்.

"கையால எடுடி! உன் பல்லு அதுல படக்கூடாது."

"ஏன்மா?"

"தேவாவோடது அழிஞ்சிரும்."