அதே தேதியில் ஒரு நாட்குறிப்பு

என் அன்பு மனைவிக்கு,

தேவ கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் மூட்டுவலி குறைந்ததா? சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

இங்கே ஒரு சின்னக் குழப்பம், பயப்படும்படி ஒன்றுமில்லை. நான் எழுதும் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தின் மிஷனரி, கடல் கடந்து இருந்த தன் மனைவிக்குப் போட்ட கடிதங்களை வைத்துத்தானே மூன்று அத்தியாயம் முடித்தேன்? "சுகமாயிருக்கிறேன், ஆலயம் நிரம்புகிறது" என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தார். நேற்று இங்கே ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் அம்மா அவருடைய நாட்குறிப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு கடிதத்தின் அதே தேதியில், "ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆராதனைக்கு யாரும் வரவில்லை. பூனைக்குப் பிரசங்கித்தேன்" என்றிருக்கிறது.

எதை நம்புவது? எழுதியதைக் கிழிப்பதா, விடுவதா? தலை சுற்றி மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்து, "ரெண்டும் அவர் எழுதினதுதானே சார், எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? முதல்ல போய் சாப்பிடுங்க" என்றார். காலையில் சாப்பிட மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

முடிந்தால் என் பழைய போர்வையை அனுப்பு. இங்கேயும் போர்வை கிடைக்கும், ஆனால் அதுதான் வேண்டும். சட்டைப் பொத்தான் நாலு வேண்டும். சின்னவள் கிறுக்கிய தாள் இருந்தால் அதில் மடித்து வை.

காப்பகம் திறக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். ஒவ்வொன்றிலும் "நாங்கள் எல்லோரும் சுகம்" என்றே எழுதியிருக்கிறாய்.

நீ நாட்குறிப்பு எழுதுவதுண்டா?

உன் கணவன்