என் கையும் அத்தையின் தயிரும்

2003 மார்ச் 4, செவ்வாய்
திண்டுக்கல்லுக்கு வாழ வந்து ஆறு வாரம். இந்த வீட்டுப் பிழைப்பே தயிர்தான். சோலைமுத்து பால் கொண்டுவருவார், மாமியார் அமலராணி உறைய வைப்பார், என் கணவர் பிராங்கிளின் ஓட்டல்களுக்குக் கொண்டுபோவார். இன்று முதல் உறை ஊற்றுவது நான். "ஒரு கரண்டி மோர விட்டுக் கலக்கி மூடு. அம்புட்டுத்தான்" என்றார் அத்தை.

மார்ச் 5
உறையவில்லை. சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு எல்லாரும் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மார்ச் 8
இன்றும் பால் பாலாகவே இருக்கிறது. "கைராசின்னு ஒன்னு இருக்குல்ல" என்றார் அத்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார். நேற்று அவரேதான் ஊற்றினார். ஆனால் பானையைக் கழுவியது நானாம்.

மார்ச் 10
கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள் நான். பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. அதற்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கவைக்கும் வைரஸ் உண்டு. ஃபேஜ் என்று பெயர். கடல், மண், சாக்கடை, எங்கும் இருக்கிறது. மனிதரை ஒன்றும் செய்யாது. ஜார்ஜியா நாட்டில் ஆறாத புண்ணுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்களாம். இங்கே எங்கள் உறைமோரில் குடியேறிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிராங்கிளினிடம் சொன்னேன். "அம்மாட்ட வைரஸ் கிய்ரஸ்னு சொல்லிராத. நோயும் நீ கொண்டாந்ததுதான்னு சொல்லும்."

மார்ச் 12
ஒரு ஓட்டலில் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். அத்தை என் அப்பாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். "கொஞ்ச நாள் அங்கன இருக்கட்டும்." கொஞ்ச நாள் என்றால்? பிராங்கிளினும் பக்கத்தில்தான் நின்றார், தரையைப் பார்த்தபடி. நான் என்னத்தப் பண்ணேன்?

மார்ச் 13
பேகம்பூர் குர்ஷித் பேகம் அக்கா போன வருஷம் அத்தையிடம் உறை வாங்கிப்போனவர். அவர் வீட்டில் இன்னும் நன்றாக உறைகிறது. ஒரு கிண்ணம் உறைமோர் வாங்கிவந்து இரண்டு டம்ளர் பாலில் விட்டேன். ஒன்றில் எங்கள் உறையாத பானையிலிருந்து ஒரு கரண்டி, அப்படியே. மற்றதில் அதையே நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு கரண்டி. கொதித்தால் ஃபேஜ் செத்துவிடும்.

மார்ச் 14
கொதிக்கவைத்ததை விட்ட டம்ளரில் கெட்டித் தயிர். அப்படியே விட்டதில் வெறும் பால். "ரெண்டும் இதே கைதான் அத்தை. பானையில இருக்க வைரஸ்தான் கெடுக்குது" என்றேன். அழக்கூடாது என்றிருந்தேன், அழுதுவிட்டேன். அத்தை டம்ளர்களைச் சாய்த்துப் பார்த்தார். தயிரை ருசி பார்த்தார். "நம்ம வீட்டு ஒறைதான இது" என்றார். பிறகு பழைய உறையைக் கொட்டி, பாத்திரங்களை எல்லாம் வெந்நீரில் கொதிக்கவிடச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு
அப்பா வந்தார். தயிர்சோறு சாப்பிட்டார். தனியாகத் திரும்பிப் போனார்.

2004 ஜூன் 9
மறுபடி உறையவில்லை. நேற்று ஊற்றியது நான்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அந்த வைரஸ்தான் அத்தை" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். சோலைமுத்து பால்ல கொண்டாந்துருக்கான்."

பச்சைப் பாலில் அது வரக்கூடியதுதான். பாவம் சோலைமுத்து. ஆனாலும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.