ஊருக்குள் ஐந்து டவுன்

அன்புள்ள உம்மாவுக்கு, அஹ்னாபின் ஸலாம்.

கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம். போனில் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குக் காது மெஷின் வாங்கிவிட்டேன். ஊருக்குப் புறப்பட்ட அக்குறணை ஜமால்தீன் நானா அதைக் கொண்டுவருவதாக இருந்தார். டவுன் பஸ் ஸ்டாண்டில் தரச் சொன்னார். முன்கூட்டியே போய் நின்றேன். அவர் போனில் அழைத்தார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலதான் ஈக்கிறேன். நீ எங்க?”

“நானும் அங்கதான் நானா நிக்கிறேன்!”

கண்டிக்காரர்களுக்கு டவுன் என்றால் ஒன்றுதானே. நான் இருக்கும் இந்தக் கன்பராவை அப்படிக் கட்டவில்லை, உம்மா. ஒவ்வொரு குடியிருப்புக்கும் நடுவில் நாலைந்து கடைகள். பல குடியிருப்புகளுக்குச் சேர்த்து ஒரு டவுன், அதற்கென்று ஒரு பஸ் ஸ்டாண்ட். அப்படி ஐந்து. இடையில் நம்மூர் ஹந்தானை போல மலைகள், ஆனால் ஒரு வீடுகூட இல்லை. நாங்கள் ஆளுக்கொரு டவுனில் நின்றிருக்கிறோம். நான் பஸ் பிடித்துப் போவதற்குள் அவர் விமானத்துக்குப் போய்விட்டார். மெஷினோடு திரும்பி வந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது, நீங்களும் சிரியுங்கள்.

இப்போதைக்கு ஊருக்குப் போகிறவர் வேறு யாருமில்லை. தபாலில் விடவும் பயம். மெஷின் மேசையில்தான் இருக்கிறது.

தங்கச்சி சப்னாவிடம் சொல்லிப் போனைச் சார்ஜ் பண்ணி வையுங்கள். நான் கோல் எடுத்தால், ஒன்றும் கேட்கவில்லை என்று உடனே வைத்துவிடாதீர்கள். போனை ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். கட்டுகஸ்தோட்டை பஸ் கொண்டக்டர் கத்துவதாவது எனக்குக் கேட்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகன்,
அஹ்னாப்